மைல் குறைவு, மணி அதிகம்: ஓய்வுபெற்ற அமெரிக்கத் தீயணைப்பு வண்டியை வாங்கிப் பராமரிக்கும் முறை

அமெரிக்காவின் சிறிய ஊர்களில் 1980களின் கடைசியில் செய்த ஒரு பம்பர் வண்டி (தண்ணீர்ப் பம்பும் டேங்கும் சுமக்கும் தீயணைப்பு வண்டி), ஓடும் நிலையிலேயே, சில ஆயிரம் டாலருக்கு ஏலம் போய்விடும். வண்டி கெட்டுப்போனதால் விலை இறங்குவதில்லை. அந்நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) பரிந்துரைப்படி 15 ஆண்டு தாண்டிய வண்டி மாற்று வண்டியாக ஒதுக்கப்பட வேண்டும். 25 ஆண்டு தாண்டினால் பணியிலிருந்தே விலக வேண்டும். அந்தச் சங்கத்தின் வண்டித் தரவிதியின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பு, வீரர்கள் எல்லோரும் மூடிய கேபினுக்குள் உட்கார வேண்டும் என்றது. அதற்கு முந்தைய வண்டிகளில் பின்வரிசை இருக்கை திறந்தவெளியில் இருக்கும். இந்த இரண்டு காரணங்களால், எஞ்சினில் பாதி ஆயுள் மிச்சம் இருக்கும்போதே வண்டி ஏலத்துக்கு வந்துவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொண்டது அந்தக் காலத்து வழக்கமான அமைப்பு: டெட்ராய்ட் டீசல் 6வி92டிஏ எஞ்சின், ஆலிசன் ஹெச்டி740 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வண்டியின் நடுவில் நிமிடத்துக்கு 1250 காலன் (சுமார் 4730 லிட்டர்) தள்ளும் ஒற்றை நிலைப் பம்பு, 750 காலன் (சுமார் 2840 லிட்டர்) டேங்க், முழு ஏர் பிரேக். பம்பைச் செய்த நிறுவனம் ஹேலாக இருந்தாலும் வாட்டரஸாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏலத்துக்கு முன்

ஓடோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். தீயணைப்பு வண்டி ஓடுவது கொஞ்சம், நின்றபடி எஞ்சின் சுழல்வது நிறைய. எஞ்சின் மணிக்கணக்கு மீட்டர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பம்பு பேனலிலோ டேஷ்போர்டிலோ இருக்கும். ஒரு மணி நேரத்தை 25 முதல் 35 மைல் ஓட்டமாகக் கணக்கிடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். 28,000 மைல் காட்டும் வண்டியில் மணிக்கணக்கு 5,000 என்றால், எஞ்சினைப் பொறுத்தவரை அது ஒன்றரை லட்சம் மைல் ஓடிய வண்டி. ஏல விளம்பரத்தில் மைல் மட்டும் இருந்தால் மணியைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து கேட்க வேண்டியது வருடாந்தரப் பம்பு சோதனைத் தாள்கள். ஒழுங்காக நடந்த நிலையத்தில் இவை வருடவாரியாக இருக்கும். கடைசி இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களில் ஒரே அளவு தண்ணீருக்கு எஞ்சின் சுழற்சி ஏறிக்கொண்டே போயிருந்தால் பம்பின் இம்பெல்லரோ (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) தேய்மான வளையங்களோ தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

துருவைத் தேட ஒரு சின்னச் சுத்தியல் போதும். சேஸிஸ் சட்டத்துக்கு உள்ளே இன்னொரு இரும்பு உறை சேர்த்திருப்பார்கள்; இரண்டுக்கும் இடையில் தண்ணீரும் சாலை உப்பும் புகுந்து துரு பெருகினால் இரும்பு வயிறு தள்ளும். போல்ட் வரிசைக்கு நடுவே சட்டம் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று ஒரு நேர்கோலை வைத்துப் பாருங்கள். புடைத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பனிப்பகுதி ஊர்களின் வண்டிகளில் இது சாதாரணம். அலுமினிய உடல் என்றால் அது இரும்புச் சட்டத்தைத் தொடும் இடங்களைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் கரைந்துகொண்டிருக்கிறது. டேங்க் இரும்பா பாலிப்ரொப்பிலீனா என்று மேல்மூடியைத் திறந்து பார்க்கலாம். இரும்பு டேங்க் என்றால் டார்ச் அடித்து உள் தடுப்புப் பலகைகளின் ஓரங்களைப் பாருங்கள், முதலில் அங்கேதான் அரிக்கும்.

வண்டியில் நுரை டேங்க் இருந்தால் அதில் என்ன இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணெய்த் தீயை அணைக்கும் பழைய ஏஎஃப்எஃப்எஃப் நுரையில் பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்கள் உண்டு. அவை மண்ணிலும் கிணற்றிலும் சிதையாமல் தங்கும். டேங்கைக் கழுவிய தண்ணீரும் அபாயக் கழிவுதான், வீட்டுச் சாக்கடையில் விட முடியாது. விற்பவரே காலிசெய்து கழுவித் தந்தால் மட்டுமே எடுங்கள்.

ஏணி வண்டி பக்கம் போகவே வேண்டாம். ஹைட்ராலிக், கம்பிவடம், பற்றவைப்பு மூட்டுகளின் சோதனை என்று அது வேறு உலகம். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடியது பம்பர்தான்.

எஞ்சின்: 6வி92

இது இரட்டை வீச்சு டீசல். உறிஞ்சும் வால்வு கிடையாது. புளோயர் (காற்றுத் தள்ளி) தள்ளும் காற்று, லைனரில் (சிலிண்டரின் உள்குழல்) உள்ள துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் போகிறது. அதனால் வாங்குவதற்கு முன்பே எஞ்சினைத் திறக்காமல் உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் ஏர்பாக்ஸ் (லைனர்களைச் சுற்றியுள்ள காற்றறை) மூடிகள் உண்டு. அவற்றைக் கழற்றி டார்ச் அடித்தால் துளைகள் வழியாகப் பிஸ்டன் ரிங்குகளும் லைனரின் பரப்பும் தெரியும். எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். ரிங் பளபளப்பாக, அழுத்தினால் அசைய வேண்டும். ஒட்டிக்கிடந்தாலோ உடைந்திருந்தாலோ லைனரில் செங்குத்துக் கீறல் இருந்தாலோ எஞ்சின் பிரித்துப் பூட்டும் நாள் நெருங்கிவிட்டது. ஏர்பாக்ஸின் அடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பது இயல்பு. கூலன்ட் தேங்கியிருந்தால் லைனர் சீல் போயிருக்கிறது. 92 வரிசை எஞ்சின்கள் ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே அந்த ரப்பர் சீல்கள் கெட்டியாகிவிடும். அதனால் சூட்டுமானி, சூட்டு எச்சரிக்கை மணி இரண்டும் வேலை செய்கின்றனவா என்பது சின்ன விஷயம் அல்ல.

ஏர்பாக்ஸ் வடிகுழாய்கள் இரண்டு பக்கமும் கீழே தொங்கும். எஞ்சின் ஓடும்போது அவற்றில் காற்று சீறி வர வேண்டும். அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே தேங்கி, புளோயர் அதையே சிலிண்டருக்குள் தள்ளும். எஞ்சின் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. சாவியை அணைத்தாலும் நிற்காது.

மெக்கானிக்கல் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள எஞ்சினில் இன்னொரு வழியும் உண்டு: நெடுநாள் நின்றதில் இன்ஜெக்டர் ரேக் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்தண்டு) எரிபொருள் நிலையில் ஒட்டிக்கொள்வது. அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ராக்கர் மூடியைத் திறந்து ரேக் முழுத் தூரமும் தங்குதடையின்றி நகர்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். புளோயருக்கு மேலே உள்ள அவசரக் காற்றுத் தட்டு விழுந்து மூடுகிறதா என்று, எஞ்சின் ஓடாத நிலையில், கேபிளை இழுத்துப் பாருங்கள். இதோடு ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று வாயை மூடக்கூடிய ஒரு தடித்த பலகையோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். பயமுறுத்தலாகத் தோன்றும், ஆனால் பலகைக்கு வேலை வரும் நாளில் அதைத் தேட நேரம் இருக்காது. அவசரத் தட்டை அன்றாடம் எஞ்சின் அணைக்கப் பயன்படுத்தக் கூடாது. வேகத்தில் திடீரென மூடினால் அந்த உறிஞ்சல் புளோயர் சீல்களை இழுத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. எஸ்ஏஇ 40, ஒற்றைத் தரம், சிஎஃப்-2 வகை, சாம்பல் அளவு ஒரு சதவீதத்துக்குக் கீழே. லாரிக் கடையில் கைக்கு எட்டும் 15டபிள்யூ-40ஐ ஊற்றாதீர்கள். இரட்டை வீச்சில் ரிங் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, ஓய்வே கிடையாது. சாம்பல் அதிகமுள்ள எண்ணெய் எக்ஸாஸ்ட் வால்வில் படிந்து, வால்வு சரியாக உட்காராமல் எரிந்துபோகும். கூலன்ட் பாதிக்குப் பாதி கலவை. அதில் லைனரைக் காக்கும் சேர்மான அளவைச் சோதனைத் தாளால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சேர்மானம் குறைந்தால் லைனரின் வெளிச்சுவரில் குமிழ் அரிப்பு ஊசித்துளை போடும். கூட்டிவிட்டாலும் ஜெல் போலப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது எஞ்சினுக்குக் கெடுதல். குளிர்ந்த இரட்டை வீச்சு எஞ்சின் ஐடிலில் எரியாத டீசலையும் எண்ணெயையும் சைலன்சர் வழியாக வழியவிடும். மாதம் ஒருமுறை 30, 40 கிலோமீட்டர் சாலையில் ஓட்டுங்கள். கூலன்ட் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே அரைமணி நிற்க வேண்டும். டீசல் செலவு லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸில் ஆயிலை, எண்ணெய் 71 முதல் 93 டிகிரி வரை சூடான பிறகு, நியூட்ரலில், ஐடிலில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிரில் அளந்து நிரப்பினால் சூட்டில் அளவு மீறி நுரைத்துப் பிடிப்பு நழுவும். ஆலிசனின் சி-4 தரம் போதும்.

ஏர் பிரேக்: வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்

சக்கரத்துக்கு முட்டு வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏர் பிரஷர் 120 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அருகில் ஏறிக் கம்ப்ரஸர் விடுபடும்வரை பொறுங்கள். எஞ்சினை அணைத்துப் பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தால் நிமிடத்துக்கு 3 வரை அனுமதி. பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றை இறக்குங்கள்: 60 பிஎஸ்ஐக்கு முன்னால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், 20க்கும் 45க்கும் இடையில் பார்க்கிங் குமிழ் தானே வெளியே துள்ள வேண்டும்.

பிரேக் சேம்பரின் (சக்கரத்தருகே காற்றழுத்தம் வேலை செய்யும் குப்பி) புஷ் ராடு நகர்வை 90 முதல் 100 பிஎஸ்ஐயில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண 30ஆம் வகைச் சேம்பரில் 2 அங்குலம் தாண்டினால் ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் தளர்வைச் சரிசெய்யும் நெம்புகோல்) இறுக்க வேண்டும், 24ஆம் வகையில் 1¾ அங்குலம். பின் சேம்பரின் உள்ளே பார்க்கிங் ஸ்பிரிங் பெரும் விசையோடு அடைபட்டிருக்கிறது. அந்த மூடியின் வளையத்தை யாரும் கழற்றவே கூடாது, சேம்பரை முழுசாக மாற்றிவிடுங்கள். எல்லா ஏர் டேங்குகளின் வடிவால்வையும் திறந்து பாருங்கள். தண்ணீரோடு பால்நிற எண்ணெயும் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏர் டிரையர் கெட்டியையும் மாற்ற வேண்டும்.

டேங்க் முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். பாதித் தண்ணீரோடு ஓட்டினால், தடுப்புப் பலகைகள் இருந்தும், வளைவில் ஒன்றரை டன் தண்ணீர் ஒரு பக்கம் சாயும். பழகாத ஓட்டுநர் காலி டேங்கோடுதான் வர வேண்டும்.

பம்பு

பம்பை இணைக்கும் வரிசை: வண்டி நின்ற பிறகு நியூட்ரல், பார்க்கிங் பிரேக், பம்பு மாற்றுக் கைப்பிடி, பச்சை விளக்கு, அதன் பின் டிரைவ். இரண்டாவது விளக்கும் எரிந்தால்தான் கேபினை விட்டு இறங்கலாம். சரியாக விழுந்ததற்கு இன்னொரு அடையாளம், நின்ற இடத்திலேயே ஸ்பீடோமீட்டர் மணிக்கு 10, 15 மைல் காட்டும். பச்சை விளக்கு எரியாமல் டிரைவில் போட்டு எஞ்சினைக் கூட்டினால் பல் உரசும் சத்தம் கேட்கும், வண்டியும் நகரப் பார்க்கும். விளக்கு எரியாததற்குப் பாதிக்கு மேல் காரணம் பம்பு கியர் பெட்டியின் சிறு சுவிட்சும் அதன் துருப்பிடித்த ஒயரும்தான். ஆனால் அதை உறுதிசெய்யாமல் விளக்கை மறந்து ஓட்டாதீர்கள்.

வெற்றிடச் சோதனைக்குத் தண்ணீரே வேண்டாம், எஞ்சினும் ஓட வேண்டாம். பம்பை முழுக்க வடித்துவிட்டு, உறிஞ்சுவாய்களுக்கு மூடி போட்டு, வெளியேறும் வால்வுகளை மூடி அவற்றின் மூடிகளைக் கழற்றிவிடுங்கள். பிரைமரை (பம்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் சிறு மின்பம்பு) இயக்கி 22 அங்குலப் பாதரச வெற்றிடம் ஏற்றி நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. 2000 அடிக்கு மேலே உள்ள ஊரில் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். பிரைமர் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போலக் கரண்ட் உறிஞ்சும். ஒரேயடியாக அரை நிமிடத்துக்கு மேல் அழுத்தினால் மோட்டார் சுருள் கருகும். அதன் இறகுகளுக்கு எண்ணெய் தரும் சிறு டப்பா இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும்.

வெற்றிடம் இறங்கினால் ஓட்டை எங்கே என்று தேட முகச்சவர நுரையே போதும். சந்தேகமான மூட்டு, வால்வு, வடிகுழாய் வாய் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டி அப்புங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழும். வழக்கமான குற்றவாளிகள்: மொத்த வடிவால்வு, பந்து வால்வுகளின் ரப்பர் இருக்கை, மானிகளுக்குப் போகும் மெல்லிய குழாய், பேக்கிங் (பம்புத் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு வளையங்கள்). பந்து வால்வு இருக்கைகளுக்குப் பழுதுபார்ப்புப் பொட்டலம் இன்றும் கிடைக்கிறது. பூட்டும்போது சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

பேக்கிங் வகைப் பம்பில் தண்டு ஓரமாகச் சொட்டுவது கசிவு அல்ல, அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. 150 பிஎஸ்ஐயில் சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். எண்ணக்கூடிய சொட்டுகளாக விழ வேண்டும். ஒழுகினால் பேக்கிங்கை அழுத்தும் கிளாண்ட் நட்டை ஆறில் ஒரு சுற்று இறுக்கி, சில நிமிடம் பொறுத்து, மறுபடி பாருங்கள். சொட்டே இல்லாமல் இறுக்கிவிட்டால் தண்டு சூடேறிப் பேக்கிங் கருகும், தண்டில் பள்ளம் விழும், அதன் பிறகு எந்தப் பேக்கிங்கும் நிற்காது. புதிது போடும்போது வளையங்களின் வெட்டு வாய்களை ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி வையுங்கள். பழையது எத்தனை வளையமோ அத்தனையே. இடையில் உள்ள உலோக வளையம் தண்ணீர்த் துளைக்கு நேராக வர வேண்டும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் சொட்டு வரவே கூடாது, தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டவும் கூடாது.

பம்பு கியர் பெட்டியின் எண்ணெய் தனி. மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். மோர் போல இருந்தால் பேக்கிங் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. ஹேல் பம்புகளில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

நிலையத்து வருடாந்தரச் சோதனை இப்படி இருக்கும்: முழு அளவு 150 பிஎஸ்ஐயில் 20 நிமிடம், 70 சதவீதம் 200இல் 10 நிமிடம், பாதி 250இல் 10 நிமிடம், இடையில் 165 பிஎஸ்ஐயில் 5 நிமிட மிகைச்சுமை. தனியாருக்கு இது வேண்டியதில்லை. ஏரிக்கரையில் பாதி அளவில் 150 பிஎஸ்ஐ பத்து நிமிடம் நின்றால் பொழுதுபோக்குக்குப் போதும். எந்த அழுத்தமானாலும் எல்லா வாயையும் மூடிக்கொண்டு பம்பைச் சுழலவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட தண்ணீர் சில நிமிடங்களில் கொதிக்கும் சூட்டுக்குப் போய்விடும். டேங்க் நிரப்பு வால்வைக் கொஞ்சம் திறந்து தண்ணீரைச் சுற்றவிடுங்கள், பம்பின் உடம்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பம்புத் தண்ணீரைக் கொண்டு எஞ்சின் கூலன்டைக் குளிர்விக்கும் ஒரு சிறு மாற்றியும் இந்த வண்டிகளில் உண்டு. பழைய வண்டியில் அதன் உள்குழாய் அரித்திருந்தால் பம்பு அழுத்தம் ரேடியேட்டருக்குள் தண்ணீரைத் தள்ளும். பம்பு ஓடும்போது ரேடியேட்டர் தானாக நிரம்பி வழிந்தால் அடைப்பை முதலில் அங்கே போடுங்கள். சாலை ஓரத்து ஹைட்ரண்டில் (தீயணைப்புக்கான நீர்க்குழாய்) சொந்தமாக இணைக்க நீர் நிறுவனத்தின் அனுமதியும், அவர்கள் தரும் மீட்டரும், பின்னோட்டத் தடுப்பானும் வேண்டும். அப்படி இணைக்கும்போது டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள ஒருவழி வால்வு கசிந்தால், ஹைட்ரண்டின் அழுத்தம் டேங்கில் ஏறி அதைப் பிளந்துவிடும்.

மின்சாரம், டயர்

பேட்டரி இறங்குவதற்கு முதல் காரணம், மறந்துபோன கைவிளக்கு சார்ஜர்கள், ரேடியோ, பெட்டிக்கதவு விளக்குகள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று அளந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மெக்கானிக்கல் சைரன் இருந்தால், ஃபெடரல் க்யூ2பி மட்டும் சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். எர்த் கேபிள் முனைகளை உப்புத்தாள் தேய்த்து மறுபடி பூட்டுவது, புதிய ஆல்டர்னேட்டர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய அரை நாள் வேலை.

டயரின் பட்டன்கள் எல்லாம் புதிதுபோல நிற்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படியுங்கள்: 2315 என்றால் 2015இன் 23ஆம் வாரம். நிலையங்கள் 7 ஆண்டில் மாற்ற வேண்டும் என்பது விதி. ஆறு டயரின் விலையையும் ஏலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ட்யூப் டயருக்குப் பல துண்டு வட்டு இருந்தால் கூண்டு இல்லாமல் யாரையும் காற்றடிக்க விடாதீர்கள். பூட்டு வளையம் துள்ளி ஆளைக் கொன்றுவிடும்.

காகிதம்

மொத்த எடை வரம்பு 26,001 பவுண்டோ (11,794 கிலோ) அதற்கு மேலோ இருந்தால் வணிக உரிமம் என்பது தொழில் ஓட்டத்துக்கான விதி. சொந்த ஓட்டத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் வணிகமல்லாத பி வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். சிவப்பு விளக்குகளையும் சைரனையும் சாலையில் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றம்தான். மூடி போட்டோ ஒயரைக் கழற்றியோ வைப்பதுதான் நடைமுறை. உதிரிபாகத்துக்கு, 1958இல் தொடங்கிய, பழைய தீயணைப்பு வண்டி ஆர்வலர்களின் ஸ்பாம்ஃபா சங்கத்தின் உறுப்பினர்களிடம் கேட்பது நல்ல வழி. குறிப்பாக, 2014இல் மூடப்பட்ட அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் நிறுவனத்தின் வண்டிகளுக்கு வேறு போக்கிடம் குறைவு.

குளிர்காலத்துக்கு முன் வடித்தல்

பம்பின் இரும்பு உடம்பு, உள்ளே உறைந்த தண்ணீரால் ஓர் இரவில் வெடிக்கும். மொத்த வடிவால்வைத் திறந்து, எல்லா மூடிகளையும் கழற்றி, எல்லா வால்வுகளையும் பாதி நிலையில் வையுங்கள். பந்து வால்வு முழுக்கத் திறந்தாலும் மூடினாலும் பந்தின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், பாதியில் மட்டும்தான் அது வெளியேறும். பிறகு பிரைமரைச் சில வினாடி ஓட்டினால் அதன் உள்ளே தேங்கியதும் போய்விடும். வழக்கமாக மறந்துபோவது மூன்று இடங்கள்: மானிகளின் மெல்லிய குழாய்கள், எஞ்சின் குளிர்விப்பு மாற்றி, கூரை மேல் நீர்ப்பீரங்கிக்கு ஏறும் குழாயின் அடிவளைவு. இவற்றைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள்.

வால்வுகளை அப்படியே பாதித் திறப்பில் விட்டு, ஸ்டியரிங்கில் ஓர் அட்டை கட்டுங்கள்: பம்பில் தண்ணீர் இல்லை, இணைக்காதே.